வே பிரிட்ஜ் அறையில் ஒளிந்திருக்கும் ஃபோல்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி வந்துபோகும் ஆலை வாசலில் ஒரு வே பிரிட்ஜ், பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் தூசி படிந்த கணினி. லாரி ஏறி நிற்கிறது. திரையில் எடை வரவில்லை. பின்னால் வரிசை நீளுகிறது. அப்போது யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்: “அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும்.”

நம்பிக்கை: திரும்ப நிறுவினால் எல்லாம் புதுசு.

உண்மை: பெரும்பாலும் இல்லை. விண்டோஸில் நிரல் குடியிருப்பது புரோகிராம் ஃபைல்ஸில். அதன் அமைப்புகளோ, உள்நுழைந்தவரின் பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற இடத்திலோ, ரெஜிஸ்ட்ரியிலோ இருக்கும். நிரலை நீக்கும்போது பல நிரல்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. எடைக் கருவி இணைந்திருக்கும் காம் போர்ட்டின் எண் அங்கே தவறாக இருந்தால், புதிதாக வந்த நிரலும் அதையே எடுத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: நிரலின் ஃபோல்டரில் அமைப்புகள் எழுதியிருக்கும் ஐ.என்.ஐ. கோப்பைத் திருத்தினால் போதும்.

உண்மை: அதிகம் பேரை அலையவைப்பது இதுதான். எக்ஸ்பி காலத்தில் அப்படித்தான் செய்தோம், பலித்தது. 2007இல் விஸ்டா வந்தபின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத நிர்வாகி உரிமை வேண்டும். பழைய 32 பிட் நிரல்களுக்கு இது தெரியாது. விண்டோஸ் அவற்றைத் தடுக்காமல், எழுதுவதைச் சத்தமில்லாமல் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அடுத்த முறை அந்த நிரல் படிப்பதும் அந்த நகலைத்தான். நீங்கள் நிர்வாகியாக நோட்பேடில் மூலக் கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். நிரல் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது.

பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் தனித்தனி லாகின் என்றால் நகலும் தனித்தனி. பகலில் சரிசெய்தது இரவில் “தானா கெட்டுப்போச்சு” என்பார்கள். கெடவில்லை ஐயா, அது வேறொருவரின் கோப்பு.

நம்பிக்கை: பழைய எண் போட்ட ஃபோல்டர் குப்பை, அழிக்கலாம்.

உண்மை: எப்போதும் அப்படியில்லை. உதாரணத்துக்கு, லிப்ரெஆபீஸின் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு இன்றும் 4 என்றுதான் பெயர், பதிப்பு எண் எங்கோ போய்விட்ட பிறகும். அதை அழித்தால், நீங்கள் அகராதியில் சேர்த்துவைத்த தமிழ்ச் சொற்களும் போகும்.

லினக்ஸில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் உட்பட லினக்ஸ் வகைகளில், பெரும்பாலான நிரல்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டரை முதலில் பார்க்கும். எல்லோருக்கும் பொதுவானதை இடிசி என்ற ஃபோல்டரில் தேடும். புள்ளி வைத்த பெயர் கண்ணில் படாது; கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் அழுத்தினால் தெரியும்.

அடுத்த முறை லாரி நிற்கும்போது, எந்த லாகினில் நிரல் ஓடுகிறதோ அதிலேயே ஆப்டேட்டாவைத் திறந்து பாருங்கள். சந்தேகப்படும் ஃபோல்டரை அழிக்காதீர்கள். நிரலை மூடிவிட்டு, ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் “பழையது” என்று சேர்த்துவிட்டு நிரலைத் திரும்பத் திறங்கள்.