பக்கவாதமும் மூச்சுத் தசைகளும்

பக்கவாதம் என்றதும் கையும் காலும் செயலிழப்பதே நம் நினைவுக்கு வரும். ஆனால், உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் மூளையின் கட்டளைப்படியே இயங்குகின்றன. அவை தளர்ந்தால் இருமல் வலுவிழக்கும். விழுங்கும்போது மூச்சுக்குழாய்க்குள் நழுவும் உணவை வெளியேற்ற முடியாமல் நிமோனியா காணக்கூடும். பக்கவாத நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மற்றத் தசைகளைப் போல இவற்றையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம். சுருள்வில் பொருத்திய சிறு கருவியின்வழி, தடையை எதிர்த்து மூச்சை இழுக்க வேண்டும். நோயாளியால் இழுக்க முடிந்த உச்ச அழுத்தத்தை அளந்து, பெரும்பாலும் அதில் 30 விழுக்காட்டளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். தடையை எதிர்த்து ஊதும் பயிற்சியோ இருமலுக்கு வலுவூட்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலின்றித் தொடங்கலாகாது.

வீட்டில் கைகால்களைப் பிடித்துவிடும் நாம், இனி இருமலின் வலுவையும் கவனிப்போம்.