நம் ஊரில் இலையுதிர் காலம் எப்போது?

என் வகுப்பறைச் சுவரில் நான்கு பருவங்களைக் காட்டும் வண்ணப்படம் ஒன்றை மாட்டியிருந்தேன். அதில் இலையுதிர் காலத்துக்குச் செக்கச் சிவந்த மரம் ஒன்று. கீழே ‘செப்டம்பர் முதல் நவம்பர் வரை’ என்று எழுதியிருக்கும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சார், நம்ம ஊர்ல மரமெல்லாம் எப்ப சார் இப்படிச் செவக்கும்?”

“அக்டோபர், நவம்பர்லதாம்மா” என்றேன். படத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டேன். கம்பம் பள்ளத்தாக்கிலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தும், ஐப்பசியில் நம் மரங்கள் எப்படி இருக்கும் என்று நான் ஒருமுறையும் உற்றுப் பார்த்ததில்லை. அந்தப் பதில் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தீபாவளி விடுமுறையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் மலைப்பயணம் கிளம்பினேன். அந்தப் பயணத்திலும் அதைத் தொடர்ந்த மாதங்களிலும் நானும் என் மாணவர்களும் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

முதல் நாள்: மேகமலை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினேன். 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதி இது. எனவே வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், சாலையை விட்டு விலகாமல்தான் படம் எடுக்க வேண்டும்.

சிவந்த மரங்களைத் தேடிப் போன எனக்குக் கிடைத்ததெல்லாம் பச்சைதான். அடிவாரத்துப் புதர்க்காடு மழை கண்டு தழைத்திருந்தது. மேலே தேயிலைத் தோட்டங்கள், அவற்றுக்கிடையே அடர்ந்த சோலைக்காடு. ஓரிடத்தில் மட்டும் ஒரு மரத்தின் உச்சி சிவப்பாகத் தெரிந்தது. ‘கிடைத்துவிட்டது’ என்று வண்டியை நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது உதிரப்போகும் இலை அல்ல, துளிர்!

நம் மாமரத்துத் துளிரும் செம்பழுப்பாகத்தானே இருக்கிறது? இளந்தளிர்களில் பச்சையம் முழுமையாக உருவாகும் முன்பே ஆந்தோசயனின் என்னும் நிறமி மிகுந்திருக்கும். கடும் வெயிலிலிருந்து தளிரைக் காக்க அது உதவுகிறது. குளிர்நாட்டு மரங்களிலோ இலை உதிரும் முன் பச்சையம் சிதைகிறது; அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் ஆந்தோசயனினும் புதிதாக உருவாகிச் சிவப்பைத் தருகிறது. ஒரே நிறமி அங்கே முதிர்ந்த இலையிலும் இங்கே பிறந்த இலையிலும் இருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

குளிரிலும் ஒரு கணக்கு கிடைத்தது. கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். மேகமலை ஏறத்தாழ 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால் 1100 மீட்டருக்கு எவ்வளவு? ஏறத்தாழ 7 டிகிரி. பிறகு வகுப்பில் இதையே கணக்காகக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள்: லோயர்கேம்ப் – குமுளி

மறுநாள் விடியும் முன்பே லோயர்கேம்ப் சென்றேன். பெரியாறு நீர்மின் நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களையும், 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபத்தையும் படம் எடுத்தேன். மேற்கே பாய்ந்த பெரியாற்று நீர், 1895-இல் திறக்கப்பட்ட அணையால் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே நம் பள்ளத்தாக்குக்கு வருகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வருவதால் நம் பக்கம் மழைமறைவுப் பகுதி. நமக்கு முக்கியமான மழை, ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. மேலைநாட்டில் இலை உதிரும் அதே மாதங்களில்தான் நம் காடு தண்ணீர் குடித்துத் தழைக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் தமிழில் கூதிர் காலம். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதாகச் சொல்வதும் கூதிரையும் முன்பனியையும்தான். நம் பருவங்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை; நான்தான் கடையில் வாங்கிய படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

அன்று குமுளிச் சாலையில், ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறின. பனிமூட்டமும் முகப்பு விளக்கு வெளிச்சமுமாகப் பார்க்க அழகாக இருந்தது. நின்றிருந்த ஒரு ஜீப்பைப் படம் எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

வகுப்பறையில் நேர்ந்தது

பள்ளி திறந்ததும் படங்களைத் திரையிட்டேன். முதலில், “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஐப்பசில நம்ம மரம் செவக்காது” என்று சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். மேகம், தேயிலை, குழாய்கள் என்று ஆர்வமாகப் பார்த்தார்கள். ஜீப் படம் வந்ததும், கேள்வி கேட்ட அதே மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள், “சார், அது இவங்க அம்மா” என்றாள். முக்காடு போட்டு, கம்பியில் சாய்ந்து, பாதித் தூக்கத்தில் இருந்தார் அந்தத் தாய். உடனே படத்தை மாற்றினேன். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த இரண்டு நாள்கள் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “எடுத்தது தப்பில்ல சார். ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்திருந்தா, முகத்தத் துடைச்சு நிமிந்து உக்காந்திருப்பேன்ல” என்றார். அவர் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தேன். பிறகு மகளின் கேள்வியை அவரிடம் சொன்னேன். சற்றும் யோசிக்காமல் பதில் வந்தது: “இப்ப எங்க சார் இலை உதிரும்? மழ விட்டு, தை, மாசில காட்டப் பாருங்க. எலவ மரமெல்லாம் மொட்டையா நிக்கும்.” தினமும் மலை ஏறி இறங்குகிறவருக்குத் தெரிந்தது, இரண்டு நாள் சுற்றி வந்த எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் செய்த செயல்பாடு

அவர் சொன்னதைச் சரிபார்ப்பதையே வகுப்பின் பணியாக்கினோம். பள்ளிக்குப் பின்னால் ஓர் இலவ மரம் உண்டு. செயல்பாட்டை இப்படி அமைத்தோம்:

1. மரத்துக்கு எதிரே ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினோம். வெள்ளிதோறும் காலை 10 மணிக்கு, அந்தக் கல்லின்மேல் நின்று ஒரே ஒரு படம். இடமும் நேரமும் மாறக் கூடாது.

2. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தமிழ் மாதம், வானத்தின் நிலை, அந்த வாரம் மழை பெய்ததா என்பதை மாணவர்களே குறிப்பேட்டில் எழுதினார்கள்.

3. கைப்பேசி ஆசிரியருடையது ஒன்றே போதும். அது இல்லாத நாளில் கோட்டோவியம் வரைந்தார்கள்.

4. மாதம் ஒருமுறை மலைகளையும் எடுத்தோம். காலையில் மேற்கு மலையில் ஒளி விழும். மாலையில் கிழக்கே வருசநாடு, மேகமலைப் பக்கம் ஒளிரும். தொலைவில் உள்ள மலை நீலமாகத் தெரிவதற்கு, இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதே காரணம் என்பதை அந்தப் படங்களைக் கொண்டே விளக்கினேன்.

5. ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வந்தார்கள்: எந்த மரம் எப்போது உதிரும்? எப்போது துளிர்க்கும்? அப்போது உங்களுக்கு என்ன வேலை?

6. ஆளைப் படம் எடுத்தால் முன்பே கேட்க வேண்டும். எடுத்ததை அவரிடம் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அழிக்க வேண்டும். என் தவற்றைச் சொல்லித்தான் இந்த விதியை வகுப்பில் வைத்தேன்.

கண்டறிந்தது

கார்த்திகை வரை மரம் பச்சையாகவே இருந்தது. மார்கழிக் கடைசியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தை முழுவதும் உதிர்ந்தன. மாசியில் கிளைகளில் காய் தொங்கியது, இலையே இல்லை. படங்களை வரிசையாக ஒட்டியபோது மாணவர்களே காரணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குளிர்நாட்டில் பகல் சுருங்குவதும் குளிரும் இலையை உதிர்க்கின்றன. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு உண்டு. தேனியில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இங்கே இலையை உதிர்ப்பது வறட்சி. மழை நின்று மண் காயும்போது, இலை வழியாகும் நீராவிப்போக்கைக் குறைக்க மரம் இலையைக் கைவிடுகிறது.

பெரியவர்களிடம் கேட்ட குறிப்புகளில் ஏலக்காய் எடுப்பு, திராட்சைக் கவாத்து, இலவம்பஞ்சு என்று ஊரின் உழைப்பு முழுவதும் வந்து சேர்ந்தது. அதுவரை பெற்றோரின் வேலையைச் சொல்லத் தயங்கிய பிள்ளைகள், அதை விளக்கிச் சொல்லும் இடத்துக்கு வந்தார்கள். அறிவியலும் சமூக அறிவியலும் தமிழும் ஒரே மரத்தடியில் நடந்தன.

உங்கள் பள்ளியருகே இலவ மரம் இல்லாமல் இருக்கலாம். புங்கனோ வேம்போ பூவரசோ, ஏதாவது ஒன்று இருக்கும். அரைநாள் சுற்றுலாவுக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது. பொறுமை மட்டும் ஐந்து மாதம் வேண்டும்.

பழைய வண்ணப்படத்தை நான் கழற்றவில்லை. அதன் கீழே ‘இது குளிர்நாடு’ என்று எழுதி, பக்கத்தில் எங்கள் இலவ மரத்தின் படங்களை ஒட்டியிருக்கிறோம். கடைசியில் புதிய ஜீப் படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவள் அந்த மாணவி. அவள் அம்மா முகம் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கீழே அவள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘நம்ம ஊர்ல இலை உதிர்வது தை, மாசி. சொன்னது: என் அம்மா. சரிபார்த்தது: ஏழாம் வகுப்பு.’