பேறு சொல்லும் பெயர்கள்

எமது வகுப்பு இடாப்பில் நற்பேறு குறித்த பெயர்களுக்குக் குறைவில்லை. ஸஈதா, மைமூனா, பௌஸியா, பாயிஸா. வாப்பாமாரின் பெயர்களிலோ மஸ்ஊத், முபாரக். பெயர்ப் புத்தகங்களைப் புரட்டினால் இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: 'அதிர்ஷ்டசாலி'. எனக்கு இதில் உடன்பாடில்லை. அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்குக் 'காணப்படாதது' என்பது பொருள். எங்கிருந்து என்று தெரியாமல் வந்து விழுவது. அறபுச் சொற்கள் அப்படிப் பேசவில்லை.

ஸஈதா, மஸ்ஊத் ஆகியவை ஸீன், ஐன், தால் என்ற மூன்றெழுத்து வேரில் பிறந்தவை. ஸூறா ஹூதின் 105ஆம் வசனத்தில் மறுமை நாளின் மனிதர் இரு வகையினர்: ஒரு சாரார் ஷகீ, மறு சாரார் ஸஈத். ஆகவே ஸஈதா லொத்தர் விழுந்தவள் அல்லள், ஈடேற்றம் பெற்றவள். பௌஸியாவும் பாயிஸாவும் 'பவ்ஸ்' என்னும் வெற்றியைச் சொல்பவை. ஸூறா ஹஷ்ரின் 20ஆம் வசனம் சுவர்க்கவாசிகளை அவ்வேரிலிருந்து வந்த சொல்லாலேயே குறிப்பிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மைமூனா. 'யும்ன்' என்றால் நலம், பறகத். வலப்பக்கத்தைக் குறிக்கும் 'யமீன்' என்ற சொல்லுக்கும் அதே வேர். முஃமின்களின் அன்னை மைமூனா (ரழி) அவர்களின் முன்னைய பெயர் பர்ரா, அதாவது நல்லொழுக்கமுடையவள். நபி (ஸல்) அவர்களே அதை மாற்றினார்கள் என அறிவிப்புகள் கூறுகின்றன. வேறு சில பெண்களுக்கும் பர்ரா என்ற பெயரை மாற்றியிருக்கிறார்கள். தன்னைத் தானே தூயவள் என்று சொல்லிக்கொள்வது போலாகும் என்பது அதற்கு ஒரு காரணம்.

பேறு சொல்லும் பெயர்களிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ரபாஹ் (இலாபம்), யஸார் (வசதி), அஃப்லஹ் (வெற்றி பெற்றவன்) போன்ற பெயர்களைப் பணியாளருக்கு வைக்க வேண்டாம் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. 'அங்கே இருக்கிறானா?' என்று ஒருவர் கேட்பார். 'இல்லை' என்று பதில் வரும். நம் ஊர்ப் பேச்சில் "வீட்டில் பறகத் இல்லை" என்றால் எப்படி ஒலிக்கும்? அதே சங்கடம்தான். பறகத் என்று பிள்ளைக்குப் பெயரிட்ட பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. இத்தகைய பெயர்களைத் தடுக்க எண்ணிய நபியவர்கள் பின்னர் மௌனமாக இருந்துவிட்டார்கள் என ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். நபியவர்களைச் சிறுவயதில் பராமரித்த உம்மு ஐமன் (ரழி) அவர்களின் இயற்பெயரே பறகா!

பெயரை மாற்றுவதைவிட எழுத்தைக் கவனிப்பதே அவசரமானது என்பேன். தமிழில் ஃபா, பா இரண்டுக்கும் 'ப' எழுதுகிறோம்; ஸீன், ஸாய் இரண்டுக்கும் 'ஸ'. 'பாயிஸா' என்று எழுதினால் வெற்றியாளரும் வருவார், அறபில் 'பரிதாபத்துக்குரியவள்' என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் வரும். 'சயீதா'வும் அப்படியே: ஐன் இருந்தால் பேறுபெற்றவள், யா இரட்டித்தால் 'ஸய்யிதா', அதாவது தலைவி. எங்கள் வகுப்பில் தமிழில் ஒரே மாதிரி எழுதும் இரு சயீதாக்கள் இருக்கிறார்கள்; அறபில் இருவரும் வெவ்வேறு. ஆகவே பிறப்பைப் பதியப் போகுமுன் மௌலவியிடமோ அறபு ஆசிரியையிடமோ கேட்டுப் பெயரை அறபில் எழுதி வாங்குங்கள். பிறகு ஃபாயிஸா என்று ஆய்த எழுத்தோடு படிவத்தில் எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.