பண்டாரியின் பட்டியலும் உண்போர் உடல்நலமும்



உணவுத் தொழில் நம்மவர்களுக்குப் புதியதன்று. பினாங்கு வீதிகளில் காவடித் தடியில் சோற்றையும் ஆணத்தையும் சுமந்து விற்ற நாள் தொட்டு, நாசி கண்டார் நம்மவர் கைத்தொழிலாகவே இருந்து வருகிறது. இன்றோ கடை விற்பனையோடு நில்லாமல், தொழிற்சாலைக் கண்டீன்கள், மாணவர் விடுதிகள், அலுவலகக் கூட்டங்கள், கலியாண வீடுகள் ஆகியவற்றுக்கு மொத்தமாகச் சமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தங்களையும் பலர் ஏற்று நடத்துகின்றனர்.

கடைச் சாப்பாட்டுக்கும் ஒப்பந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கடைக்கு வருகிறவர் தமக்கு வேண்டியதை விரலால் காட்டி வாங்கிக்கொள்கிறார். பிடிக்காவிட்டால் நாளை வேறு கடைக்குப் போவார். விடுதி மாணவனுக்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் அந்த வசதி இல்லை. நாம் பட்டியல் எழுதும்போதே அவர்கள் என்ன உண்பார்கள் என்பது முடிவாகிவிடுகிறது. எனவே பட்டியல் எழுதுகிறவர் பலருடைய ஆரோக்கியத்தைத் தம் கையில் வைத்திருக்கிறார் என்பதை உணர வேண்டும்.

ஏன் இந்தக் கவலை?

மலேசியாவில் 2023-ம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 100-க்கு 15.6 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். 100-க்கு 29.2 பேருக்கு இரத்த அழுத்தம். பாதிப் பேருக்கு மேல் அளவு மீறிய உடல் எடை. 2019-ம் ஆண்டு ஆய்வோ, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துக்கு மூவர் இரத்தச் சோகையுடையோர் என்று காட்டிற்று. வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்திருக்கிறது என்பதே இதன் பொருள். நம் பந்தியில் அமர்கிறவர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

சமன் உணவு என்பது யாது?

சோறு, ரொட்டி, மீ, கிழங்கு முதலியன மாச்சத்தைத் தருகின்றன. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, தெம்பே ஆகியவை உடலை வளர்க்கும் புரதத்தைத் தருகின்றன. காய்களும் பழங்களும் வைட்டமின், தாது உப்பு, நார்ச்சத்து ஆகியவற்றைத் தருகின்றன. கொழுப்பும் உடலுக்கு வேண்டியதே. ஆனால் ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி கொடுக்க, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி கொடுக்கிறது. ஆகவே அதை அளந்தே சேர்க்க வேண்டும்.

மலேசிய சுகாதார அமைச்சு இதை எளிதாகச் சொல்லும் முறை ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்பதாகும். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன் அல்லது இறைச்சி, மீதிப் பாதி காயும் பழமும்.

நமது பட்டியலைச் சோதிப்போம்

நெய்ச்சோறு, கோழிப் பொரியல், ஆட்டிறைச்சி ஆணம், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாலூற்றிய சீராப். இது நாம் அடிக்கடி எழுதும் பட்டியல். ருசியில் குறையில்லை. ஆனால் சோறும் கிழங்கும் ஒரே மாச்சத்து. கிழங்கைக் காய் என்று கணக்கிடுவதே நாம் செய்யும் பெரும் பிழை. சோற்றில் நெய், பொரியலில் எண்ணெய், ஆணத்தில் தேங்காய்ப்பால் என்று கொழுப்பு மூன்று வழியில் வந்து சேர்கிறது. பச்சைக் காய் ஒன்றுமேயில்லை. சீராப்பில் ஊற்றும் கெட்டிப் பாலிலோ பாதியளவு சீனி.

இதே விருந்தைக் கௌரவம் குறையாமல் திருத்தலாம். கிழங்கை எடுத்துவிட்டு, கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் போட்ட தால்ச்சாவை வையுங்கள். பருப்பும் காயும் ஒன்றாய்ச் சேர்ந்த நல்ல பதார்த்தம் அது. அப்பளத்துக்குப் பதில் வெள்ளரி, அன்னாசிப் பச்சடி. சீராப்புக்குப் பதில் தர்ப்பூசணித் துண்டுகளும் தண்ணீரும்.

பட்டியல் எழுதும் முறை

1. ஒரு நாளுக்கு என்று எழுதாமல் ஒரு வாரத்துக்கு முழுமையாக எழுதுங்கள். ஒரே காயும் ஒரே இறைச்சியும் திரும்பத் திரும்ப வருவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

2. ஒரு வேளையில் பொரித்தது ஒன்று போதும். மற்றவை ஆணமாகவோ, அவித்ததாகவோ, சுட்டதாகவோ இருக்கட்டும்.

3. தேங்காய்ப்பால் ஆணம் வைக்கும் நாளில் நெய்ச்சோறு வேண்டாம். வெள்ளைச் சோறு போடுங்கள்.

4. உப்பை அளந்து போடுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு போய்விடும்.

5. சாப்பாட்டோடு தேநீர் கொடுப்பதைத் தவிருங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கிறது. எலுமிச்சையும் கொய்யாவும் அதற்கு உதவுகின்றன. பெண் தொழிலாளர் மிகுந்த இடங்களில் இதை மறவாதீர்கள்.

6. பரிமாறும் கரண்டிக்கு ஓர் அளவு வையுங்கள். சோற்றுக் கரண்டி சிறிதாகவும் காய்க் கரண்டி பெரிதாகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இலாபம் குறையுமா?

இது நியாயமான கேள்வி. ஒரு பந்தியில் செலவு ஏறுவது இறைச்சியாலும் நெய்யாலுமே. வாரத்தில் இரண்டு வேளை ஆட்டிறைச்சிக்குப் பதிலாகப் பருப்பு, முட்டை, தெம்பே வைத்தால் மிச்சப்படும் பணத்தில் தாராளமாகக் காய் வாங்கலாம். அளவுக் கரண்டியால் வீணாகும் சோறும் குறையும்.

மேலும் காலம் மாறிவிட்டது. சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 30 முதல், கடைகளில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் சீனி, கொழுப்பு அளவுப்படி தரக்குறியீடு வந்துவிட்டது. சிறு கடைகளுக்கு மட்டும் விலக்குண்டு. ஒப்பந்தம் கேட்டுப் போகும்போது விலையோடு சத்துக் கணக்கையும் எடுத்துக் காட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு உயரும்.

ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருவதை நாம் அறிவோம். அறுப்பு முறையில் காட்டும் அதே கவனத்தை, உண்பவர் உடலுக்கு அது நன்மை செய்யுமா என்பதிலும் காட்டுவது நம் கடமை. இன்றிரவு கடை அடைத்தபின், அடுத்த வாரப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வேளையிலும் காய் எங்கே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத இடத்திலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.