சுவரில் ஒட்டிய படம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை என்னைக் காண வந்தார். கமம் செய்பவர், சொல் குறைந்தவர், பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்க வேண்டுமென்பதில் கண்டிப்பானவர். அவருடைய முறைப்பாடு இதுதான்:

“பாதர், ஓ. எல். எடுக்கிற பிள்ளை. படிக்கிற மேசைக்கு மேலே ஏழு கொரியப் பொடியன்களின்ரை படத்தை ஒட்டி வைச்சிருந்தவள். தலைமயிருக்குச் சாயம், காதிலை தோடு. கோபத்திலை நான் அதைக் கிழிச்சுப் போட்டன். இரண்டு கிழமையாய் என்னோடை கதைக்கிறாள் இல்லை.”

அந்த ஏழு பேரும் யார் என்று அவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது தெரியாது. தெரியாத ஒன்றைக் கண்டிப்பது எளிது. அறிந்த பின் கண்டிப்பதே முறை. ஆகவே, சினிமா, பாட்டு, விளையாட்டு நட்சத்திரங்கள் மீது நம் பிள்ளைகள் கொண்டுள்ள மோகத்தில் நன்மை ஏதும் உண்டா என்பதை இவ்வாரம் பெற்றோராகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

1. நம் குறையில் நியாயம் உண்டு

முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோரின் அச்சம் வீணானதல்ல. புகழை விற்பது பெரியதொரு வியாபாரம். அழகு, ஆடை, பணம் ஆகியவையே வாழ்வின் அளவுகோல் என்று அது பிள்ளைகளுக்குச் சொல்லாமற் சொல்லுகிறது. அந்தச் செக்கில் அகப்படுபவர்களில் நட்சத்திரங்களும் அடங்குவர். கொரியாவில் சிறு வயதிலேயே கடும் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டு, ஊரார் வாய்க்குத் தீனியாகி, மனமுடைந்து 2017ஆம், 2019ஆம் ஆண்டுகளில் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட இளம் பாடகர்கள் உண்டு. இதைப் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

ஆயினும் பதர் இருக்கிறதென்பதற்காக நெல்லை யாராவது வீசுவார்களா?

2. கிழிந்த படத்தில் இருந்தவர்கள்

அந்த ஏழு பேரும் பி. ரி. எஸ். என்னும் பாட்டுக் குழுவினர். 2013ஆம் ஆண்டில் மேடையேறியவர்கள். 2017ஆம் ஆண்டில் யுனிசெப் நிறுவனத்தோடு சேர்ந்து, சிறுவர்க்கும் இளையோர்க்கும் எதிரான வன்முறையை ஒழிக்கும் இயக்கமொன்றைத் தொடங்கினார்கள். 2018 செப்ரெம்பரில் அவர்களின் தலைவர் கிம் நம்-ஜூன் ஐக்கிய நாடுகள் சபையில் உரையாற்றினார். பிறர் கண்ணுக்காக வாழப்போய்த் தன் சொந்தக் குரலையே இழந்திருந்ததை அங்கே ஒளிக்காமற் சொன்னார். எந்நாட்டவராயினும், எந்நிறத்தவராயினும், இளையோர் தம்மை வெறுக்காமல் தம்மைப்பற்றித் தாமே பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாத உபதேசமா?

இன்னொன்றும் உண்டு. கொரியாவில் உடல்நலமுள்ள ஆண்கள் கட்டாய இராணுவ சேவை செய்ய வேண்டும். ஒலிம்பிக் பதக்கம் வென்றோர்க்கும் சில கலைஞர்க்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. இவர்களுக்கும் அது கிடைக்க வேண்டுமா என்று நாடு நெடுங்காலம் வாதாடியது. ஈற்றில் புகழின் உச்சியில் நின்ற வேளையிலேயே, தாம் சேவைக்குப் போவதாக 2022இல் அறிவித்தார்கள். 2025 ஜூன் மாதத்துள் எழுவரும் சேவையை முடித்தார்கள். போரின் கொடுமையை அறிந்த நாம் இராணுவத்தைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வாழாதிருப்பது நல்ல பாடமல்லவா?

3. புகழ் ஒரு விளக்கு

விளக்கு எங்கே பிடிக்கப்படுகிறதோ அங்கேதான் உலகத்தின் கண் போகும். 1987ஆம் ஆண்டில் எயிட்ஸ் நோயாளரைத் தொடவும் மக்கள் அஞ்சினார்கள். இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் டயானா இளவரசி கையுறை அணியாமல் ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். தொடுவதால் இந்நோய் தொற்றாது என்று மருத்துவர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததை அந்த ஒரு படம் உலகின் மனதிற் பதியவைத்தது.

அவரே 1997 ஜனவரியில் அங்கோலா நாட்டில், ‘ஹலோ ட்ரஸ்ட்’ நிறுவனம் துப்புரவு செய்துகொண்டிருந்த மிதிவெடி வயலினூடே கவசம் அணிந்து நடந்தார். மிதிவெடிகளைத் தடை செய்யும் உடன்படிக்கை அவ்வாண்டு டிசெம்பரில் ஒட்டாவாவில் கைச்சாத்தாயிற்று. அது அவர் ஒருவரின் வேலையன்று. பலர் ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டார்கள். அவர் விளக்கைப் பிடித்தார். அதே நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் நம் வடபகுதியில் மிதிவெடி அகற்றி வருகிறது. இலங்கையும் 2017 டிசெம்பரில் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. முகமாலைப் பக்கம் மண்ணைக் கிளறும்போது உள்ளம் நடுங்கியவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

4. அவர்கள் விழும்போதும் பாடம் உண்டு

நட்சத்திரங்கள் நல்லது செய்யும்போது மட்டுமன்றி, தவறும்போதும் நமக்குப் பயன்படுகிறார்கள். 2018 மார்ச்சில் கேப்ரவுண் கிரிக்கெட் போட்டியில் அவுஸ்திரேலிய வீரர் ஒருவர் உப்புத்தாள் கொண்டு பந்தைத் தேய்த்து அகப்பட்டார். அணித்தலைவர் ஸ்ரீவ் ஸ்மித்துக்கு ஓராண்டுத் தடை. நாடு திரும்பிய அவர், தலைவன் என்ற பொறுப்பைத் தானே ஏற்று, பத்திரிகையாளர் முன்னிலையில் தேம்பி அழுதார். பின்னால் அவருடைய தந்தை மகனின் தோளில் கை வைத்து நின்றார். அவர் மகனின் குற்றத்தை மறுக்கவில்லை, மகனையும் கைவிடவில்லை.

தன் வகுப்பில் நடந்த களவைப்பற்றியோ, தான் சொன்ன பொய்யைப்பற்றியோ பிள்ளை நம்மிடம் வாய் திறக்கமாட்டாது. ஆனால் ஸ்மித் செய்தது சரியா, தண்டனை போதுமா என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் பேசும். அந்தப் பேச்சினூடே அதன் மனச்சாட்சி எங்கே நிற்கிறதென்பதை நீங்கள் கண்டுகொள்வீர்கள். முன்னாளில் அரிச்சந்திரன் கூத்தைப் பார்த்து வந்து திண்ணையிலிருந்து பெரியவர்கள் வாதாடியதும் இதே வேலைக்குத்தான்.

5. வீட்டில் செய்யக்கூடியவை

கிழிக்குமுன் கேளுங்கள். “இவரிலே உனக்கு என்ன பிடிக்கிறது? இவர் செய்ததில் உனக்குப் பிடிக்காதது எது? இவர் புகழால் இவரைத் தவிர வேறு யார் நன்மை அடைந்தார்?” இம்மூன்று கேள்விகளும் போதும். விடையைத் திருத்த அவசரப்படாதீர்கள். நேரத்துக்கும் செலவுக்கும் எல்லை வையுங்கள். ஆனால் அந்த எல்லைக்கான காரணத்தையும் சொல்லுங்கள். பன்னாடை கசடைப் பிடித்துக்கொண்டு நெய்யை விட்டுவிடும். சுளகு பதரைத் தள்ளி மணியை வைத்துக்கொள்ளும். பிள்ளையின் கையில் சுளகைக் கொடுத்துப் புடைக்கப் பழக்குவதே நம் கடமை. எந்நாளும் நாமே புடைத்துக் கொடுக்க முடியாது.

அந்தத் தந்தை மறுபடி வந்திருந்தார். கிழிந்த படத்தை மகளோடு இருந்து பசை பூசி ஒட்டிக் கொடுத்தாராம். “ஏழு பேரின்ரை பேரிலை எனக்கு மூன்றுதான் நினைவிலை நிக்குது, பாதர்,” என்றார். “மிச்சத்தை அவள் சொல்லித் தாறாள். அந்தப் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கேல்லை. ஆனால் பிள்ளை கதைக்கிறாள்.”