கார் களவு போனால் நஷ்டஈடு கிடைக்குமா?



சாலை வரி எடுப்பதற்கு இன்ஷூரன்ஸ் என்னும் காப்புறுதி வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், ஆண்டுதோறும் பணத்தைச் செலுத்திவிட்டுப் பாலிசியைப் படித்துப் பார்ப்பவர்கள் நம்மிற் சிலரே. “இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே, கார் களவு போனால் கம்பெனி கொடுத்துவிடும்” என்று பலர் நம்பியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை எல்லோருக்கும் பொருந்தாது. மலேசியாவிலுள்ள நடைமுறையை ஒட்டி இவ்விஷயத்தை ஆராய்வோம்.

1. பாலிசியின் வகை

1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்துவது, நம் வாகனத்தால் பிறருக்கு உண்டாகும் மரணத்துக்கும் காயத்துக்கும் உரிய காப்புறுதியை மட்டுமே. நம் கார் காணாமற் போவதைப் பற்றி அச்சட்டத்துக்குக் கவலையில்லை. ஆகவே பாலிசிகள் முக்கியமாக மூவகைப்படும்.

முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. இதில் களவுக்கு ஒரு காசும் கிடையாது. இரண்டாவது, மூன்றாம் தரப்புடன் தீயும் திருட்டும் சேர்ந்தது. இதில் களவுக்கு நஷ்டஈடு உண்டு. விபத்தில் நம் கார் சேதமடைந்தால் இல்லை. மூன்றாவது, முழுக் காப்புறுதி. இதில் இரண்டும் உண்டு. தகாபுல் திட்டத்தில் சேர்ந்தவர்களும் இதே வகைகளில் தமது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவணைக் கடன் உள்ளவரை பேங்கின் நிபந்தனைப்படி முழுக் காப்புறுதி எடுத்து வருவோர், கடன் தீர்ந்ததும் “பழைய கார்தானே” என்று முதல் வகைக்கு இறங்கிவிடுகிறார்கள். இரண்டாம் வகை ஒன்று உண்டு என்பதை அப்போது விசாரித்து அறிவது நலம்.

2. எது திருட்டு?

நம் சம்மதமின்றிக் காரை எடுத்துச் செல்வது திருட்டு. இது குற்றவியல் சட்டத்தின் 378-ஆம் பிரிவு. நாமே நம்பிச் சாவியைக் கொடுத்து, வாங்கியவர் காரோடு மறைந்துவிட்டால் அது 405-ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடியாகவோ, 415-ஆம் பிரிவின்படி ஏமாற்றாகவோ கொள்ளப்படலாம். வழக்கமான மோட்டார் பாலிசிகள் இவ்விரண்டையும் விலக்கியே எழுதப்பட்டுள்ளன. பேங்குக்குத் தெரியாமல் ‘சம்போங் பாயார்’ முறையில் காரை ஒப்படைப்போரும், முன்பின் தெரியாதவருக்கு வாடகைக்கு விடுவோரும் இதனை நன்கு கவனிக்க வேண்டும். கார் போய்விடும், நஷ்டஈடும் வராது, தவணை மட்டும் நம் தலைமேல் நிற்கும்.

காரைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் பாலிசியின் நிபந்தனையே. சாவியைக் காரிலேயே விட்டுக் கடைக்குள் நுழைபவர், கம்பெனி ஆட்சேபணை எழுப்ப இடங் கொடுக்கிறார். காருக்குள்ளிருந்து களவு போன கைப்பை, கைத்தொலைபேசி முதலிய சொந்தப் பொருள்களுக்கு மோட்டார் பாலிசி பொறுப்பல்ல.

3. எவ்வளவு கிடைக்கும்?

காப்புறுதித் தொகை, களவு போன நாளின் சந்தை விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். சந்தை விலை 50,000 வெள்ளி, காப்புறுதித் தொகை 40,000 வெள்ளி என்றால் கிடைப்பது 40,000. தொகையை 70,000 என்று எழுதியிருந்தாலும் 50,000-க்கு மேல் வராது. ‘ஒப்புக்கொண்ட விலை’ என்று பாலிசியில் இருந்தால் மட்டும் அந்த விலை கிடைக்கும்.

கடன் பாக்கியிருந்தால் பணம் முதலில் பேங்குக்கே போகும். பாக்கி 46,000, நஷ்டஈடு 40,000 என்றால், இல்லாத காருக்காக நாம் இன்னும் 6,000 வெள்ளி கட்டவேண்டும். அன்றியும், ஐந்தாண்டு விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த 55 விழுக்காட்டு என்.சி.டி. தள்ளுபடியும் நஷ்டஈடு கேட்டவுடன் போய்விடும்.

4. செய்ய வேண்டியவை

கார் காணவில்லை என்றறிந்தவுடன், 24 மணி நேரத்துக்குள், போலீசில் புகார் செய்யுங்கள். அடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பேங்குக்கும் அறிவியுங்கள். புகாரின் நகல், பதிவுச் சான்றிதழ், எல்லாச் சாவிகளும் கேட்கப்படும். போலீஸ் விசாரணை முடிந்ததும், அல்லது கம்பெனிக்கு அறிவித்த ஆறு மாதத்துக்குள், இவற்றுள் எது முந்தியதோ அப்போது கோரிக்கை தீர்க்கப்பட வேண்டும் என்பது வழக்கமான பாலிசி விதி. அதுவரை தவணையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பாக்கியும் வட்டியும் ஏறும்.

கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது நியாயமல்ல என்று தோன்றினால், 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர் சேவையிடம் முறையிடலாம்.

ஆகவே உறுப்பினர்கள் இன்றிரவே தத்தம் பாலிசியை எடுத்து, அது எந்த வகை, தொகை எவ்வளவு, விலக்குகள் எவை என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். விளங்காத இடத்தை ஏஜெண்டிடம் கேட்டறிவதற்குத் தயங்க வேண்டாம். கார் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் பாலிசியை மாற்ற முடியும். போன பிறகு படிக்க மட்டுமே முடியும்.