காட்டேரிக் காதலை எப்படி எடைபோடுவது?

கேள்வி: என் மகள் 'ட்வைலைட்' நாவல் வரிசையைக் கீழே வைக்க மறுக்கிறாள். இளையோருக்கான இந்த அமானுஷ்யக் காதல் கதைகளில் மதிக்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் வகையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கதையில் அமானுஷ்யம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வெறும் ஜிகினாவாக ஒட்டிக்கொண்டிருந்தால் நாவல் தோற்றது. ஸ்டெஃபனி மேயரின் 2005ஆம் ஆண்டு 'ட்வைலைட்' நாவலில், காட்டேரியான எட்வர்டால் எல்லோர் மனதையும் படிக்க முடியும், அவன் காதலிக்கும் பெல்லாவின் மனதைத் தவிர. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறாரோ என்ற தவிப்புதானே முதல் காதல்! இரண்டாவது நாவலில் அவன் பிரிந்ததும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மாதப் பெயர் மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்கள் வருகின்றன. துக்கத்தில் நாட்கள் தொலைவதை வர்ணனையே இல்லாமல் காட்டிய இடம் அது. மற்றபடி நடை சுமார்தான். எட்வர்டின் அழகை எத்தனை முறை கேட்பது?

முடிவு முன்பே தெரிகிறதே என்பார்கள். 1813இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் காதல் நாவலில் எலிசபெத்தும் டார்சியும் சேர்வார்கள் என்பதும் ஊகிக்கக்கூடியதே; எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் சுவை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெல்லாவுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் எட்வர்ட். கதை இதை அன்பாகவே காட்டுகிறது. 'கற்பனைதானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. காட்டேரிதான் கற்பனை; இப்படி நடந்துகொள்ளும் ஆண்கள் நிஜம். புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நீங்களும் படித்துவிட்டு, அந்தக் காட்சியைப் பற்றி அவளிடம் பேசுங்கள்.